அடியில் தொங்கிய குழாய்

அப்பாவின் புரோட்டோன் வீராவை விற்கச் சொல்லாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் அம்மாதான். 1997-இல் வாங்கிய கார். அப்பாவின் முதல் வருடத் திதிக்கு அதில்தான் ஈப்போ போகவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம், முழு டேங்க் எண்ணெய் போட்டு வந்து நிறுத்தினேன். வாசல் கூட்ட வந்த அம்மா, "அடியில என்னம்மா கறுப்பா தொங்குது?" என்றார். பின்சக்கரத்துக்கு உள்பக்கம், விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை எங்கோ மேலே போகிறது, மறுமுனை அந்தரத்தில்.

படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ஏர்கோன் தண்ணி போற குழாய், பேசாம விடு" என்றார் மாமா. சித்தப்பா ரேடியேட்டர் என்றார். அத்தை மகன் கேபிள் டை போட்டுக் கட்டச் சொன்னான்.

மாமா சொன்னது முழுத் தப்பும் இல்லை. தொங்குகிற குழாய் எல்லாமே கழன்று விழுந்தவை அல்ல. ஏர்கோன் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முனை திறந்துதான் இருக்கும். ஆனால் அது காரின் முன்பாதியில் இருக்கும், இது பின்னால். அதோடு இதன் முனையில் கிளிப் அழுத்திய வளையத் தடம் இருந்தது. சும்மா தொங்கவேண்டிய குழாய்க்குக் கிளிப் எதற்கு?

எந்த நெடுஞ்சாலையில் எந்தக் கார் பழுதாகி நிற்கிறது என்று தினமும் காலையில் வானொலியில் சொல்பவள் நான். பானெட்டைத் திறந்தது கிடையாது. அன்று அட்டையை விரித்துப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். ஜேக் போடவில்லை, ஜேக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடும் வேலை யாருக்கும் வேண்டாம்.

தரையில் ஈரம். ஏர்கோன் தண்ணீருக்கு வாசம் கிடையாது. ரேடியேட்டர் தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், விரலில் வழுக்கும். இது தொட்டதும் சில்லென்று இருந்து, சட்டென்று காய்ந்தது. முகர்ந்தேன். பெட்ரோல்!

நிமிர்ந்தால் அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறார்.

நான் போட்ட கூச்சல் தாமான் முழுக்கக் கேட்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கரண்டி பின்பக்கம் போனது. பக்கத்து வீட்டு அங்கிளும் நானும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் காரை கேட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தினோம். ஈப்போவுக்குத் தம்பியின் மைவியில் போனோம். அம்மா தஞ்சோங் மாலிம் வரைக்கும் பேசவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கே வந்த ஃபோர்மன், குழாயைப் பார்த்ததும் கேட்டார்: "எண்ணெய் போடறப்ப பம்ப் அடிக்கடி நின்னுச்சா?" நின்றது. இரண்டு வாரமாக டக், டக் என்று. பம்ப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் உள்ளே இறங்கும்போது டேங்கின் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய் உண்டாம். வயதாகி ரப்பர் வெடித்து, கிளிப் துருப்பிடித்துக் கழன்றிருக்கிறது. டேங்க் நிரம்பினால் அந்த வழியாக எண்ணெய் கசியும். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் பெட்ரோல் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்று, எண்ணெய்க்கென்றே உள்ள குழாயைப் போட்டார். இரண்டு புதுக் கிளிப்போடு 35 வெள்ளி.

குழுவில் விவரம் எழுதினேன். மாமா இன்னும் ஏர்கோன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.