வரலாறு எண்டு எழுதினா என்ன குறைஞ்சிடும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற தம்பி தங்கச்சிமார் எங்களிட்டக் கேக்கினம்: "என்ன பாடம் படிக்கப்போறம் எண்டு கட்டுரையில எழுதலாமோ?" வரலாற்றை மனசில வச்சிருக்கிற பிள்ளைக்கு, "அதைச் சொல்லாதை, பொருளியல் எண்டு போடு" எண்டு புத்தி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கு.

எங்களைப் பாருங்கோ. மானியங்கள் ஆணைக்குழு எங்களிட்ட ஒரு வரிகூட எழுதித்தரக் கேக்கேல்ல. இசட் புள்ளி, மாவட்டம், விருப்ப ஒழுங்கு, அவ்வளவுதான். கலைப்பீடத்துக்குள்ள வந்த பிறகும் சிறப்புக்கற்கைப் பாடத்தைத் தீர்மானிச்சது முதலாம் வருசப் புள்ளிகள். "ஏன் இந்தப் பாடம்?" எண்டு கேட்டது கலியாணவீட்டுச் சனம் மட்டும்தான். அதுவும் கேள்வியில்லை, இரக்கம்.

'கொமன் ஆப்' கட்டுரைக்கு 650 சொல் வரை தருகினம். அது பாடத்தை இல்லை, ஆளைக் கேக்குது. பாடத்தைக் குறிக்க விண்ணப்பத்தில வேற இடம் இருக்கு. இன்னும் முடிவெடுக்கேல்ல எண்டும் போடலாம். பல கல்லூரிகளில இரண்டாம் வருச முடிவுவரைக்கும் அவகாசம். (பொறியியல், கணினிக்கு முதலே தெரிவுசெய்யச் சொல்லுற இடங்களும் உண்டு, அது வேற கதை.) ஆகவே தெரியாத பிள்ளை தெரியாது எண்டே விடட்டும். ஆனால் அம்மம்மாவின்ர காணி உறுதியை எழுத்துக்கூட்டி வாசிச்சு வரலாற்றில விழுந்த பிள்ளை, அதை மறைச்சுப்போட்டு இல்லாத பொருளியல் ஆசை ஒண்டைச் சோடிச்சா, அந்த 650 சொல்லுக்குள்ள ஆர் இருக்கிறது?