காலுறையில் ஏறிய யானை

காலுறையில் யானைப் படம், கயிற்று உருண்டைப் படம் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட காலுறைகள் விற்பனையாகின்றன. அந்நாட்டுச் சாலையோரங்களில் உள்ள விசித்திரப் பொருள்களின் உருவங்களைப் பின்னி விற்கிறார்கள். அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகார்த்தமாக வாங்கிச் செல்கிறார்கள்.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. அந்த உருவங்களுக்குப் பின்னால் சாதாரண மக்களின் உழைப்பு இருக்கிறது.

கான்சாஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே பிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி, வைக்கோல் கட்டும் கயிற்றுத் துண்டுகளை வீணாக்காமல் 1953-ல் உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார். 1961-ல் அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974-ல் அவர் காலமானார். ஆனால் உருண்டை வளர்வது நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஊர் மக்கள் கூடி மேலும் கயிறு சுற்றுகிறார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.

நியூஜெர்சி மாநிலத்தின் மார்கேட் கடற்கரையில் 'லூசி' என்ற யானை நிற்கிறது. மரத்தாலும் தகரத்தாலும் ஆன இது 65 அடி உயரம். வீட்டு மனை விற்பனைக்கு விளம்பரமாக 1881-ல் கட்டப்பட்டது. 1970-ல் இடிபட இருந்த நேரத்தில், ஊர் மக்கள் குழு அமைத்து நிதி திரட்டி, வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். 2022-ல் முடிந்த பழுதுபார்ப்புக்கு மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று.

கேள்வி இங்கேதான் எழுகிறது. காலுறையில் ஏறிய யானைக்கு மழையும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. கடற்கரையில் நிற்கும் யானைக்கு இரண்டும் உண்டு. படத்தை விற்பவருக்கு லாபம், தகரத்தை மாற்றுபவருக்குச் செலவு என்பது என்ன நியாயம்? "ஊருக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறதே" என்று வியாபாரிகள் வாதிடலாம். கட்டணமே வாங்காத ஊருக்கு விளம்பரம் மட்டும் கூரை போட்டுத் தராது. ஒவ்வொரு ஜோடியின் விலையிலும் ஒரு பங்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல், பீங்கான் துண்டுகளைக் கொண்டு அமைத்த ராக் கார்டன் 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1990-ல் புல்டோசர் வந்தபோது பொதுமக்களே குறுக்கே நின்று தடுத்தார்கள். ஆனாலும் 2025-ல் சாலையை அகலப்படுத்த அதன் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

நாளை அந்தப் பொம்மைகளும் காலுறையில் ஏறலாம். ஏறட்டும். ஆனால் வாங்குகிறவர்கள், "இந்தக் காசில் தோட்டத்துக்கு எவ்வளவு?" என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். காலுறை கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரு தொழிலாளி ஆயுள் முழுவதும் உழைத்துச் செய்ததை எந்தக் கடையில் வாங்குவது?