நடுங்கும் கரத்தைப் பற்றிக்கொள்ளுங்கள்



ஞாயிறு திருப்பலி நடந்துகொண்டிருக்கிறது. ஆலயம் நிறைந்திருக்கிறது. மறையுரை முடிந்து, விசுவாச அறிக்கைக்காக எல்லோரும் எழுந்து நிற்கும் வேளையில், நடு வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தலைவியின் நெஞ்சு திடீரென வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. மூச்சு முட்டுகிறது. விரல்கள் விறைக்கின்றன. உடல் வியர்த்துக் கொட்டுகிறது. இதோ விழப்போகிறேன், இங்கேயே சாகப்போகிறேன் என்ற எண்ணம் அவரை ஆட்கொள்கிறது. வெளியே ஓடிவிடவேண்டும் போல் இருக்கிறது. இத்தனைபேர் பார்ப்பார்களே என்ற வெட்கமோ கால்களைக் கட்டிப்போடுகிறது.

அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வருவதில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வருவதில்லை. பின்னர் சந்தைக்குப் போவதும், பஸ்சில் ஏறுவதும், கல்யாண வீடுகளுக்குச் செல்வதும் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. அயலவர் ஒருவர் இது பிசாசின் வேலை என்கிறார்; இன்னொருவர் செய்வினை என்கிறார்; வேறொருவர் விசுவாசக் குறைவு என்று தீர்ப்பளித்துவிடுகிறார். நம் பங்குகளில் இத்தகைய சகோதரிகளும் சகோதரர்களும் இருக்கவே செய்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவதால் அவர்களுடைய வேதனை நம் கண்ணில் படுவதில்லை.

வைத்தியர்கள் இதனைப் பீதித் தாக்கம் என்பர். பதகளிப்பு நோய்களுள் இதுவும் அடங்கும். ஆபத்து நேரும்போது தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்துவதற்காக இறைவன் நமக்குள் ஓர் எச்சரிக்கை மணியை அமைத்திருக்கிறார். ஆபத்து ஒன்றும் இல்லாத வேளையில் அந்த மணி ஒலித்துவிடுவதே இந்நோய். பெரும்பாலும் அது 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே தணிகிறது. அனுபவிப்பவருக்கு மரணம் போலத் தோன்றினாலும் பீதியினால் மட்டும் உயிர் போவதில்லை. ஆயினும் இருதய நோயும் தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். ஆதலால் முதன்முறை வரும்போது, இது வெறும் பயம் என்று நாமே முடிவு செய்யாமல் வைத்தியசாலைக்குச் சென்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்படையான காரணம் எதுவுமின்றியும் இது வரலாம். ஆனால் எமது நாட்டில் காரணங்களுக்குக் குறைவில்லை. 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் சூழலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் பொங்கிக் கரையோரக் குடும்பங்களைக் காவுகொண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் ஆலயங்களில் செபிக்க வந்தவர்கள் பலியானார்கள். அடைக்கலம் என்று நம்பிய இடத்திலேயே சாவைக் கண்ட ஒருவருடைய உடல், ஆலய மணியோசை கேட்டு நடுங்கினால் அது விசுவாசக் குறைவு அல்ல. அது ஒரு காயத்தின் தழும்பு. போர் எம்மக்களுக்கு ஏற்படுத்திய உளப்பாதிப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்குப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று பெயரிட்டதன் பொருத்தத்தை இங்கே எண்ணிப்பார்க்கலாம்.

அச்சத்தால் உடல் தளர்வது பாவம் என்றால், கெத்சமனித் தோட்டத்தை நாம் எப்படி விளங்கிக்கொள்வது? அங்கே நம் ஆண்டவர் திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு நற்செய்தி மறைக்காமல் சொல்கிறது. அவ்வேளையில் அவர் தம் சீடர்களிடம் அறிவுரை எதையும் எதிர்பார்க்கவில்லை. தம்மோடு தங்கியிருந்து விழித்திருக்கும்படி மட்டுமே கேட்டார். அவர்களோ உறங்கிப்போனார்கள். இறைமகனே வேண்டிநின்ற அந்தத் துணையைத் தம் வாழ்க்கைத்துணைக்குக் கொடுக்கும் பேறு ஒவ்வொரு கணவனுக்கும் மனைவிக்கும் கிடைத்திருக்கிறது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று பீடத்தின் முன் நாம் கொடுத்த வாக்கு, புற்றுநோய்க்கும் பாரிசவாதத்துக்கும் மட்டும் உரியதன்று. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கும் அது பொருந்தும்.

அவ்வேளையில் துணைவர் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அருகில் இருக்கவேண்டும். குரலை உயர்த்தாமல் பேசவேண்டும். "நான் பக்கத்திலதான் நிக்கிறன். பயப்படாதையும், இது கொஞ்ச நேரத்தில போயிடும்" என்ற ஒரு சொல் போதும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடும்படி சொல்லி, தாமும் கூடவே அப்படி மூச்சு விடலாம். கையிலுள்ள செபமாலை மணியை விரலால் உணரச் செய்யலாம். வாங்கின் மரத்தைத் தொட்டுப்பார்க்கச் சொல்லலாம். கலங்கிய மனம் மீண்டும் நிலைகொள்ள இவை உதவும். "எல்லாரும் பார்க்கினம், சும்மா இரும்" என்று அதட்டுவதோ, "உமக்கென்ன குறை?" என்று கேட்பதோ எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவை ஆண்டவர் முதலில் கைநீட்டிப் பிடித்தார். ஏன் ஐயுற்றாய் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த ஒழுங்கை நாம் மாற்றிவிடக்கூடாது.

அன்பினாலும் ஒரு தவறு நேரக்கூடும். "இனி நீர் எங்கேயும் போகவேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சில துணைவர்கள் கூறுவர். அது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் பயந்த இடங்களைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளருமேயன்றிக் குறையாது. தொடக்கநூலில் யாக்கோபு, தன்னோடு வேகமாகப் பயணம் செய்ய அழைத்த சகோதரன் ஏசாவிடம், பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்கொடுக்கும் ஆடுமாடுகள் உண்டு, அவர்களுடைய நடைக்கு ஏற்பவே மெல்ல வருவேன் என்று மறுமொழி சொல்கிறார். அவர் பயணத்தை நிறுத்தவில்லை, பலவீனரை விரட்டவுமில்லை. நல்ல கணவனின், நல்ல மனைவியின் நடையும் அதுவே. முதலில் கூட்டமில்லாத ஒரு மாலையில் இருவருமாக வெறும் ஆலயத்தில் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம். பின்னர் வாரநாள் திருப்பலியில் கதவோரக் கடைசி வாங்கில் இருக்கலாம். ஞாயிறு திருப்பலி இறுதி ஆசீர்வரை நிற்கும் நாள் அதன்பின் வரும். ஒருநாள் அவர் தனியாகவே சந்தைக்குப் போய்வருவார். அன்று துணைவர் வீட்டுவாசலில் காத்திருந்தாற் போதும்.

இந்நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. உளவளத்துணையும், எண்ணங்களைச் சீர்செய்து பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையும், தேவைப்படின் மாத்திரைகளும் பலரைக் குணமாக்கியுள்ளன. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். செபிக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று கேட்கவேண்டாம். சாகவேண்டும் என்று சூரைச் செடியின்கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு இறைதூதர் போதனை செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து மீண்டும் உறங்கவிட்டார். உடலின் தேவையைக் கவனிப்பதும் இறைவனின் செயலே. சிறப்பாக ஆண்கள் இதனைச் சொல்ல வெட்கப்பட்டுச் சாராயத்தில் மறைக்கிறார்கள். சாராயம் பயத்தை ஓரிரவு உறங்கவைத்து, மறுநாள் இரட்டிப்பாக எழுப்பிவிடும். மனைவியரே, உங்கள் கணவர் கூட்டங்களுக்கு வர மறுக்கிறார் என்றால் கோபிக்குமுன் ஒருமுறை ஆறுதலாகக் கேட்டுப்பாருங்கள்.

நோயுற்றவருக்கு ஒரு சொல். நோய் முதலிய தக்க காரணத்தால் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாதவரைத் திருச்சபை குற்றவாளியாக்குவதில்லை. ஆகவே பாவம் செய்துவிட்டேன் என்ற சுமையையும் நோயோடு சேர்த்துச் சுமக்காதீர்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நற்கருணை ஆண்டவர் உங்கள் வீடு தேடி வருவார். பங்கு மக்களே, திருப்பலியின் நடுவே ஒருவர் எழுந்து வெளியே சென்றால் திரும்பிப் பார்க்காதீர்கள். கதவோர வாங்கில் அவருக்கு இடம் விட்டுவைத்திருங்கள்.

கெத்சமனியில் கலங்கிநின்ற ஆண்டவரே, பயத்தால் நடுங்கும் உம் பிள்ளைகளை உமது கரத்தால் தாங்கியருளும். அவர்களோடு விழித்திருக்கும் கணவருக்கும் மனைவியருக்கும் சலியாத பொறுமையைத் தாரும். ஆமென்.