அடைபடாத வாய்கள்



பழவேற்காட்டில் மீன் வாடை அடிக்கிறதே என்று அந்த ஊர்க்காரர் யாரும் முகம் சுளிப்பதில்லை. அது அவர்கள் சோற்றின் வாடை. போன மாதம் அங்குள்ள லைட்ஹவுஸ் குப்பத்தில் எனக்கு வேண்டிய அக்கா ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அங்கே வந்தது வேறு நாற்றம். ராத்திரி கடல்காற்று நின்றதும் குளியலறைப் பக்கமிருந்து எழும்பும். பினாயில் ஊற்றி ஊற்றி அக்காவுக்கு அலுத்துப்போயிருந்தது. "டேங்க் ரொம்பிடுச்சு போலம்மா, லாரி கூப்பிடணும்" என்றார்.

செப்டிக் டேங்க் நிரம்பவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு அது. கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு அறையாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முன்பு திண்ணையோரம் ஒரு வாஷ்பேசின் இருந்தது. கொல்லையில் மீன் கழுவ ஒரு மேடை இருந்தது. இரண்டின் கழிவுநீரையும் கழிப்பறையின் நாலு அங்குலக் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். பேசினும் போய்விட்டது, மேடையும் போய்விட்டது. இணைப்புகள் மட்டும் அப்படியே நின்றன. அவற்றின் வாயில் திணித்த துணியும் பாலிதீனும் எப்போதோ மக்கிப்போயிருந்தன. நாற்றம் வந்தது அந்த வழியாகத்தான்.

கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் சுமார் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். டேங்க்கின் வாயுவும் கரப்பானும் மேலே ஏறாமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இத்தனை எளிய காவல் வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும்தான் அது காவல். ஊற்றாத வளைவு வெயில் காலத்தில் சில வாரங்களில் வற்றிவிடும்.

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். குளியலறைத் தரையைக் கழுவிவிடாமல் ஈரத்துணியால் துடைத்தே பழகியதால் தரை வடிகால் வளைவுகள் பல வீடுகளில் வற்றிக் கிடந்தன. கழிவுக் குழாயிலிருந்த நோய்க்கிருமி அந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்நகரச் சுகாதாரத் துறை சொன்னது. துணி அடைத்த குழாயை நான் சாதாரணமாக நினைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

குப்பத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது கொல்லையில் தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும் பழைய குழாய் வழியே மழைநீர் செப்டிக் டேங்க்குக்குள் இறங்கும். டேங்க் பொங்கும். பொங்கியது மணலில் ஊறி, இறாலும் நண்டும் மடவையும் வளர்கிற ஏரிக்குத்தான் போய்ச் சேரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடக் கூடாதே என்று வருஷா வருஷம் தவிக்கிற மக்கள் அவர்கள். தங்கள் கொல்லையிலிருந்தே ஏரிக்குக் கேடு போகும் என்று தெரிந்தால் ஒருநாளும் விட்டுவைக்க மாட்டார்கள்.

அக்கா வீட்டில் நான் தங்கிய மறுநாள் காலை பிளம்பர் தம்பி ஒருவர் வந்தார். அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. எடுத்ததும் ரம்பத்தைத் தூக்கவில்லை. ஒரு வாளியில் சொட்டு நீலம் கலந்து ஒவ்வொரு வடிகாலிலும் ஊற்றினார். சேம்பர் மூடியைத் திறந்து நீலம் எங்கே வருகிறது என்று பார்த்தார். எது உயிரோடிருக்கும் குழாய், எது செத்த குழாய் என்று அப்படித்தான் தெரிந்தது. செத்ததை வெளிவாயில் மூடினால் போதாதா என்று கேட்டேன். "போதாதுக்கா. நீட்டமா விட்டா உள்ள கசடு தேங்கி அங்கயே நாறும். சேர்ற எடத்துலயே எடுத்துடணும்" என்றார். வாஷ்பேசின் குழாயை, அது பெரிய குழாயோடு சேரும் 'டீ' இணைப்பு வரைக்கும் வெட்டியெடுத்து, வாயைத் துடைத்து உலர்த்தி, சால்வென்ட் தடவி எண்ட் கேப் போட்டார். மீன் மேடைக் குழாய் சேர்ந்த இடத்தில் செதிலும் மணலும் கல்லாகக் கட்டியிருந்தன. அந்த டீயையே அறுத்தெடுத்துவிட்டு டோர் டீ வைத்தார். நாளைக்கு அடைப்பு வந்தால் திறந்து பார்க்கலாம். உப்புக்காற்றில் இரும்பு கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று பிளாஸ்டிக் கிளாம்ப் போட்டார். ஒட்டியது இறுகட்டும் என்று அன்று முழுவதும் நாங்கள் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போனோம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் தேடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். கூரைக்கு மேலே நிற்கும் ஏர் பைப்பில் எதுவும் ஓடுவதில்லை என்பதால் அதுவும் வேண்டாத குழாய் என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அதை மூடினால் தண்ணீர் ஊற்றும்போது வளைவுகளில் நிற்கும் தண்ணீரை 'களக்' என்று குழாய் உறிஞ்சிவிடும். நாற்றம் இன்னும் கூடும். கொசுவுக்கு அதன் வாயில் வலை கட்டினால் போதும். அடுத்தது, என்ன காரணத்துக்காகவும் டேங்க்குக்குள் மனிதரை இறக்காதீர்கள், எட்டிப்பார்க்கத் தீக்குச்சி கொளுத்தாதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஆளைக் கொல்லும், தீப்பற்றவும் செய்யும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டு அழுக்குக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை சாகக் கூடாது. லாரியைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்து கிளம்பும்போது தம்பி மாடிக் குளியலறையைக் காட்டி, "இதுவும் யாரும் பொழங்கலயே, எடுத்துடவா?" என்று கேட்டார். சென்னையில் வேலை பார்க்கிற மகனுக்காகக் கட்டியது அது. "அய்யோ வேணாம்பா, பொங்கலுக்கு வருவான்" என்று அக்கா பதறினார். அப்படியானால் வாரம் தவறாமல் அந்த வடிகாலில் தண்ணீர் ஊற்றுங்கள், வளைவு வற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று ராத்திரி அக்கா போன் செய்தார். நாற்றம் இல்லையாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மாடிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்