அறுவடை வாடகைக் கணக்கு

தை, மாசி மாதங்களில் மதுராந்தகம் ஏரிப் பாசன வயல்களில் நெல் அறுவடை இயந்திரங்கள் இறங்குகின்றன. மணிக்கு வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டு இயந்திரத்தைப் பேசிவிடுகிறோம். அக்கேள்வி போதாது.

ஒருவர் மணிக்கு 2,400 ரூபாய் மட்டும் கேட்கிறார் எனக் கொள்வோம். மற்றொருவர் மணிக்கு 2,000 ரூபாயும், இயந்திரத்தைக் கொணர்ந்து இறக்க 1,200 ரூபாயும் கேட்கிறார். நேரத்தை ‘ம’ எனக் குறித்தால், முன்னவருக்கு ஆகும் செலவு 2,400 × ம. பின்னவருக்கு 1,200 + 2,000 × ம. நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நேரிய சமன்பாடுகள் இவையே. இரண்டையும் சமப்படுத்தினால் 400 × ம = 1,200; எனவே ம = 3. மூன்று மணி நேர வேலைக்கு இருவருக்கும் 7,200 ரூபாய்தான். வேலை அதற்குக் குறைந்தால் முன்னவர் மலிவு. மிகுந்தால் பின்னவர் மலிவு. பயிர் சாய்ந்திருந்தால் நேரம் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

நிலையான கட்டணம் சிறுநிலத்தாரையே அழுத்துகிறது. இரண்டு மணி நேர வேலையுடையவர் பின்னவரைத் தனித்து அழைத்தால் 5,200 ரூபாய்; முன்னவரிடம் 4,800 ரூபாய். அதே அளவு வேலையுள்ள அண்டை வயலாரோடு கூடிப் பின்னவரை அழைத்தாலோ, ஆளுக்கு 4,600 ரூபாயே ஆகும். கணக்கைப் பிள்ளைகள் போடட்டும். அண்டை வீட்டாரோடு பேசும் பொறுப்பை நாம் ஏற்போம்.