கல்வீடும் கடனும்

வன்னிக்குப் போய்வருகிற பலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "கல்வீடு கட்டக் காசு குடுத்தாச்சு. பிறகும் ஏன் இந்தச் சனம் கடனுக்குள்ள கிடக்குது?" நியாயமான கேள்வி. விடை அந்தக் கல்வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலானோர் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாமில். ஊர் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும் தூர்ந்த கிணறுகளையும்தான். கிணற்றை இறைத்தார்கள், பற்றைக்காட்டை வெட்டினார்கள், தறப்பாள் கொட்டிலில் குடியிருந்தார்கள். பிறகுதான் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மொத்தம் 50,000 வீடுகள். பெரும்பகுதி வடக்கு கிழக்கில். வீடொன்றுக்கு 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபா, நான்கு தவணைகள். கட்டுவது வீட்டுக்காரர்தான்.

ஒப்பந்தகாரர் ஒரே அச்சில் வார்த்துத் தருவதைவிட இது நல்ல முறை என்றே நான் நினைக்கிறேன். வாசல் எந்தப் பக்கம், குசினி எங்கே என்பதை அங்கே வாழப்போகிறவர் தீர்மானிக்கிறார். சிக்கல் கணக்கில் இருந்தது. ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த தவணை வரும். கையிருப்பு உள்ளவருக்கு அது பொருட்டல்ல. எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவருக்கு? சுவர் பாதியில் நின்றால் காசும் நிற்கும். ஊரே ஒரே நேரத்தில் கட்டும்போது மணலும் சீமெந்துக் கல்லும் மேசன் கூலியும் ஏறாமல் இருக்குமா? வீட்டில் ஆண்துணை இருந்தால் கூலியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கணவனைப் போரில் இழந்தவள் கல் சுமப்பதற்கும் காசு கொடுத்தாள். எஞ்சியிருந்த தோடு அடகுக்குப் போனது. பிறகு நுண்கடன், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர்.

கடன் வாங்குவது குற்றமல்ல. திருப்பிக் கட்ட வருமானம் வேண்டும். வள்ளமும் வலையும் மாடும் போருடன் போய்விட்டன. சில வயல்களில் மிதிவெடி. வீடு கூரைவரை எழும்பியது, தொழில் எழும்பவில்லை. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. வடக்குக்கு மட்டுமான அறிவிப்பு அல்ல அது. ஆனால் வன்னிப் பெண்ணின் தோளில் அந்தச் சுமையோடு போரின் சுமையும் சேர்ந்திருந்தது.

காணிக் கதை இன்னொன்று. வன்னியில் பலருடையது உறுதிக் காணியல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணி. அது பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். அவர் காணாமற்போயிருந்தால், மனைவி பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாகும் என்று மனைவி மறுப்பாள். காணாமற்போனவர் என்றே பதிந்து சான்றிதழ் பெறும் வழி 2016-இல்தான் சட்டத்தில் வந்தது. வாரிசுரிமையில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த 1935-ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் திருந்த 2022 ஆயிற்று.

காணியே கைக்கு வராதவர்களும் உண்டு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடியபோது கடைசியாக ஏற்றப்பட்டவர்கள் கேப்பாப்புலவுக் கிராமத்துச் சனம். சொந்த வளவில் இராணுவம் இருந்ததால் அவர்களை வேறிடத்தில் ஒரு மாதிரிக் கிராமத்தில் இறக்கினார்கள். தலைக்குமேல் கூரை அங்கேயும் உண்டு. ஆனால் அவர்கள் நந்திக்கடல் களப்பில் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். அவர்களுடைய இறங்குதுறை வேலிக்கு அப்பால் இருந்தது. 2017-இல் அந்த இராணுவ முகாம் வாசலில் போய் அமர்ந்தபோது அவர்கள் கேட்டது இன்னொரு வீட்டையல்ல. அந்த வளவையும் துறையையும்.