விளையாடுகிற பிள்ளைக்கு முதலில் சாப்பாடு

2022 மே மாதம், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆக்கி. முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. 1-1 என்று சமனில் முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்காக விழுந்த ஒரே கோலை அடித்தவர் எங்கள் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியபோதும் அவர் அணியில் இருந்தார். அப்பா காவலாளி, அம்மா வீட்டு வேலைக்குப் போனவர் என்ற செய்தியைப் பத்திரிகைகள் எழுதின. அரசு அந்தக் குடும்பத்துக்கு வீடு ஒதுக்கியது. மாவட்டமே பெருமைப்பட்டது.

ஏழைப் பையன் திறமையால் ஜெயித்தான் என்று சொல்லி அத்தோடு முடித்துவிடுகிறோம். ஆனால் நடுவில் கோவில்பட்டி இருக்கிறது. அங்குள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆக்கி மையத்தில் அவர் பயிற்சி பெற்றார். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, மைதானம், கோச் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. திறமை அவருடையது. அது வாடாமல் நின்றதற்கு அந்த ஏற்பாடும் காரணம்.

அப்படி ஒரு விடுதியில் இடம் கிடைப்பது சிலருக்குத்தான். மற்ற எல்லோரும் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறவர்கள். விக்கிரமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கபடி, வாலிபால், ஓட்டம் என்று விளையாடிக்கொண்டே அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர்களுடைய நாள் ஐந்து மணிக்கு முன்பே தொடங்கிவிடும். ஓட்டக்காரர் என்றால் ரோட்டில்தான் ஓட வேண்டும். எங்கள் பக்கத்து ரோடுகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களும் சிமெண்ட் லாரிகளும் இரவு பகல் பார்க்காமல் போகும். வெளிச்சம் வருவதற்குள் ஓடினால் லாரிக்குப் பயப்பட வேண்டும், வெளிச்சம் வந்த பிறகு ஓடினால் பஸ்ஸைத் தவறவிட வேண்டும். கபடி, வாலிபால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மைதானமோ ஊர்ப் பொதுத்திடலோ இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வியர்வை கொட்ட ஆடிவிட்டு, ஓடிப்போய்க் குளித்து, ஈரத்தலையோடு பஸ் ஏறினால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும்.

இதில் விடுபடுவது சாப்பாடு. அம்மா அதற்குள் களையெடுக்கவோ முந்திரிக்காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பியிருப்பார். பானையில் பழையசோறு இருந்தால் இரண்டு வாய், இல்லையென்றால் பஸ் நிலையத்தில் ஒரு டீயும் பன்னும். மதியத்துக்கு டப்பாவில் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ. நான்கு மணிக்கு பி.டி. சார் விசில் ஊதினால் மறுபடியும் கிரவுண்டு. கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முந்திய பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒரே சாப்பாடு ராத்திரிச் சோறுதான். அதற்குப் பிறகு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும்.

பயிற்சி செய்கிற உடம்புக்கு என்ன தேவை என்பது ரகசியமல்ல. விளையாட்டு உணவியல் சொல்கிற கணக்குப்படி, கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் சுமார் 12 கிராம். புளிசாதத்தில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியில் தசைகள் தங்களிடம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை எரித்துவிடுகின்றன. மாலையில் மறுபடியும் ஆட வேண்டிய உடம்புக்கு, காலைப் பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் அது திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வகுப்பில் கண் சொருகும், மாலையில் கால் கனக்கும், லேசான சுளுக்குகூட வாரக்கணக்கில் ஆறாது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாமல் மூச்சை அடக்கிக் கபடிக்கு ரெய்டு போவது எப்படி?

"பையன் முன்ன மாதிரி ஓடல, ஆர்வம் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் போனது ஆர்வமல்ல. வயிற்றில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு இது புரியாத விஷயம் அல்ல. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்தியாவில் முதலில் உணர்ந்த மாநிலங்களில் ஒன்று இது. காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரை முட்டை சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, பதினெட்டு வயதில், உடம்பு உச்சத்தில் உழைக்கிற நேரத்தில், கல்லூரி வாசலில் வெறும் வயிற்றோடு நிற்கிறது.

அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்று கேட்கலாம். அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் விளையாடுகிற பிள்ளைக்கு அந்தப் பணம் ஷூவுக்கும், முட்டிக் காப்புக்கும், போட்டிக்குப் போகிற வழிச்செலவுக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. சாப்பாட்டுக்கு என்று மிஞ்சுவதில்லை.

பணக்கார நாடுகளிலும் இந்தப் பசி இருந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை கனெக்டிகட் பல்கலைக்கழகம் வென்றது. அந்த அணியின் முன்னணி வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போயிருக்கிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். நாடே அதிர்ந்தது. முதல் பிரிவுக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு அளவில்லாமல் உணவு வழங்கலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதே மாதத்தில் முடிவெடுத்தது. ஒரு வீரன் வாய்திறந்து சொன்னதும் விதி மாறியது. நம் பிள்ளைகள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். பசிக்கிறது என்று சொல்வதை மானக்குறைவாக நினைக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஏன் விளையாடுகிறார்கள்? பிடித்திருக்கிறது என்பது முதல் காரணம். அடுத்தது வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக அணிக்காக ஆடியதும் ஒரு தகுதி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடி, பாரதிதாசன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, வெளி மாநிலம் போய் ஆடிவந்தால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும். போட்டிக்குப் போகிற நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி) உண்டு, வருகைப் பதிவு குறையாது. ஆனால் தவறிப்போன செய்முறை வகுப்பையும் இன்டர்னல் தேர்வையும் அந்தந்த ஆசிரியரின் மனசுதான் காப்பாற்ற வேண்டும். மனசு வைக்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் இது மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது. விளையாடப் போனவருக்கு மறுதேர்வு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு கிண்ணம் கம்பங்கஞ்சி அல்லது கேழ்வரகுக் கஞ்சி, இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி அவித்த கடலை, ஒரு வாழைப்பழம். மொத்தமாகச் சமைத்தால் தலைக்கு நாற்பது ரூபாய்க்குள் முடியும். ஒரு கல்லூரியில் ஐம்பது பேர் தொடர்ந்து பயிற்சிக்கு வருகிறார்கள், ஆண்டுக்கு நூற்றைம்பது நாள் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சம் ரூபாய். பெரிய பணம் இல்லை. காலைப் பயிற்சியைக் கல்லூரி மைதானத்துக்கு மாற்றி, பயிற்சி முடிந்ததும் இந்தத் தட்டைக் கையில் கொடுத்தால் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஓட வேண்டியதும் இல்லை. அதற்கு விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஒரு பஸ் வேண்டும்.

கல்லூரி முதல்வர்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இதை வரும் பருவத்திலேயே தொடங்கலாம். எங்கள் மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவு தந்த அரசு, கல்லூரி விளையாட்டு மாணவர்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். அதுவரை, உங்கள் தெருவில் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஜெயித்து வந்த பிறகு போடுவதற்கு மாலை வாங்கி வைக்காதீர்கள். இந்த வாரமே நாலு பேர் சேர்ந்து முட்டைக்கும் பாலுக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.